பாயசத்தோடு எழும்பிவிடாதே

மக்கா, இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைக்கப் போகிறேன். கல்யாணம் முடிந்து, ரயிலேறி, முதல் பசி எடுத்து டப்பாவைத் தூக்கும்போதுதான் உன் கண்ணில் படும். பக்கத்தில் நித்யா இருப்பாள். அவளும் வாசிக்கட்டும், மருமகளிடம் ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. வாசலில் பந்தல்காரர்கள் கால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேரில் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "செரிம்மா, செரிம்மா" என்பாய். அதற்கு நான் கொல்லையில் நிற்கும் முருங்கையிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

நீ வங்கித் தேர்வுக்குப் படித்த காலம் நினைவிருக்கிறதா? நான் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி வாசிப்பேன். நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாய். அப்பா ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். கணக்குப் பகுதி வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த ஒப்புமைக் கேள்விகள் வந்தால் கிழங்கைக் கீழே வைத்துவிடுவேன். புறாவுக்குச் சமாதானம் என்றால் தராசுக்கு எது? எடை, வியாபாரம், நீதி, இரும்பு என்று நாலு விடை கொடுத்திருந்தான். இதுகூடத் தெரியாதா என்று நான் 'எடை' என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "எம்மா, எடை போடுறது தராசுக்க வேலையாக்கும். சமாதானம் பண்ணுறதா புறாவுக்க வேலை? அது பறக்கும், முட்டை போடும். சமாதானத்துக்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். அப்போ தராசு எதுக்கு அடையாளம்னு பாரு." செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தராசு நீதிக்கு அடையாளமாடே? அந்தப் புத்தகம் எழுதினவன புதுக்கடை சந்தையில ஒருநாள் மீன் வாங்கச் சொல்லு."

அப்படித்தான் எனக்கு அந்த வித்தை பிடிபட்டது. முதல் ஜோடியை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். புறா சமாதானத்துக்கு அடையாளம். பிறகு அதே வாக்கியத்தில் இரண்டாவது ஜோடியைப் பொருத்த வேண்டும். வாக்கியத்தை மாற்றினால் போச்சு. வரிசையையும் மாற்றக் கூடாது. சில கேள்விகளில் குறும்பாகத் திருப்பிப் போட்டிருப்பான், அடையாளம் பின்னாலும் பொருள் முன்னாலும் வரும். துணிச்சலுக்குச் சிங்கம் என்றால் தந்திரத்துக்கு எது என்பான். நான் அவசரப்பட்டு 'ஏமாற்று' என்பேன், நீ 'நரி' என்பாய். கொஞ்ச நாளில் எனக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுகூட, கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் 'சீனி இல்லை' என்பதற்கு அடையாளம், அப்படியென்றால் பேனாவைக் காதில் செருகினால் எதற்கு என்று யோசிப்பேன். சாப்பாட்டுக்குப் போகிறார் என்று பொருள். சரியாகவே சொல்லியிருப்பேன், வீடு வந்ததும் உன்னிடம் மார்க் கேட்பேன்.

பிறகு அந்த ஆந்தை வந்தது. சிங்கத்துக்குத் துணிச்சல் என்றால் ஆந்தைக்கு எது? நான் அபசகுனம் என்றேன். அப்பா முழிப்பு என்றார். விடைப் பக்கத்தில் 'அறிவு' என்று இருந்தது. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார், அவருக்கு அது பெரிய காரியம். "ஆந்தைக்கா? அறிவா? நடுரோட்டுல லைட்ட பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கும். எத்தன தடவ அதுக்காக நான் பிரேக் போட்டிருக்கேன் தெரியுமா? அறிவாம்." நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். கூரையில் ஆந்தை உட்கார்ந்தால் கல்லெடுத்து விரட்டுகிற ஊரில் பிறந்தவள் நான். நீதான் சலிக்காமல் சொன்னாய்: "எம்மா, நம்ம ஊர்ல ஆந்தைக்கு என்ன அர்த்தம்னு அவன் கேக்கல்ல. கேள்வி போட்டவன் ஊர்ல என்ன அர்த்தமோ அதுதான் விடை. அவன் ஊர்ல நின்னு பாக்கணும், கேட்டியா." அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சைக்காக ஆந்தையின் காலில் விழச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு பேச்சுதான் பின்னால் உன் கல்யாணத்தைக் காப்பாற்றியது. உனக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். மீதியைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்கத் திற்பரப்புப் பேருந்தை ஓட்டியவர். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போக வேண்டும், எதிரே வருகிறவன் லைட்டை மின்னினால் வழி விட வேண்டும். இத்தனையும் வாயைத் திறக்காமல் நடக்கிற வேலை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். துண்டு இடது தோளில் கிடந்தால் சந்தோஷம், தலையில் கட்டியிருந்தால் கிட்டே போகக் கூடாது. சாயா டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் இன்னொன்று வேண்டாம், விளிம்பில் தட்டினால் சீனி குறைவு. கல்யாணமான புதிதில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டம்ளரைக் கவிழ்த்ததைக் கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அவருக்கு நான் ஏன் அழுகிறேன் என்று விளங்காமல் துண்டைத் தலையில் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்து நான் இன்னும் அழுதிருக்கிறேன்.

ஒடிசாவில் வேலை கிடைத்து, கூட வேலை பார்க்கிற பொள்ளாச்சிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ போனில் சொன்ன அன்று அப்பாவின் துண்டு எந்தத் தோளிலும் இல்லை, கையில் இருந்தது. அது எனக்கே புதிய அடையாளம். இரண்டு நாள் கழித்து, "அவிய வந்து வீட்டப் பாக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவர் சம்மதம் சொல்லத் தெரிந்தவர் இல்லை. உனக்கும் நித்யாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. அவள் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி எல்லோரும் காரில் வந்தார்கள். வெறும் சாயாவும் மிக்சரும் போதும் என்று நான் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இலை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நின்றார். நம் சாப்பாட்டின் வரிசை உனக்குத் தெரியும். பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், பிறகு புளிசேரி, அதற்குப் பிறகு பாயசம். பாயசத்தை இலையிலேயே விட்டு, பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு, திகட்டலுக்கு ரசம், கடைசியில் மோர். அந்த மோரை நம் வீட்டில் வேறு யாரும் விளம்ப முடியாது. அப்பாதான் செம்போடு வந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றுவார். விருந்தாளி உள்ளங்கையைக் குவித்து அதை வாங்கிக் குடித்தால் உறவு உறுதி என்பது அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற நடைமுறை.

பாயசத்துக்கு வைத்திருந்த அடைப் பிரதமனை இலையில் ஊற்றும்போதே சித்தப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் வெட்கம் என்று நினைத்தேன். எல்லோரும் எப்படியோ வழித்துச் சாப்பிட்டார்கள். நான் ரசப் பாத்திரத்தைத் தூக்கவும் அப்பா மோர்ச் செம்பை எடுக்கவும் நேரம் சரியாக இருந்தது. முன்கட்டுக்கு வந்தால் வரிசையாக எல்லா இலையும் மடிந்து கிடக்கின்றன. கொல்லைக் குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்கிறது. மக்கா, செம்பும் கையுமாக உன் அப்பா அங்கே நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பி உள்ளே போய், மோரை வாழை மூட்டில் ஊற்றிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். அவர்கள் வெற்றிலை எடுத்துக்கொண்டு, போய் வருகிறோம் என்று கும்பிட்டார்கள். அப்பா தலையை மட்டும் அசைத்தார். கார் இராஜாக்கமங்கலம் வளைவு தாண்டியதும் என்னிடம் சொன்னார்: "மோரு வாங்காம எழும்பிப் போயிட்டாவ. வேண்டாம்ங்கிறத இதவிட மரியாதையா யாரும் சொல்ல முடியாது. பயகிட்ட சொல்லிரு."

உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ தினமும் போன் செய்து, "எம்மா, என்ன ஆச்சு? நித்யா வீட்லயும் ஒண்ணும் பறையமாட்டேங்காவ" என்று கேட்பாய். நான் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசுவேன். அந்த வாரம் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அவர்கள் மேல் ஆத்திரம்தான். இதற்கிடையில் சம்பந்தியின் போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, கும்பிட்ட இரண்டு கை மட்டும். அப்பா அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா பிள்ளே, கும்பிடு போட்டுட்டான். போதும்டா சாமின்னு கும்பிடுறது இது." பதில் போடாமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இந்த மோர் விஷயம் மனதில் உருண்டுகொண்டே இருந்தது. பழைய வியாதி, வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேன். மோர் சாப்பாட்டின் முடிவுக்கு அடையாளம். சரி, யார் ஊரில்? அவ்வளவுதான், ஆந்தை வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது. நான் என் ஊரில் நின்று விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி போட்டவர்கள் பொள்ளாச்சிக்காரர்கள். அவர்கள் ஊரில் முடிவுக்கு எது அடையாளம்? புளிக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நித்யாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்துவிட்டு நேராகவே கேட்டேன். "ஒண்ணும் நெனச்சிராதீங்க. உங்க பக்கம் பந்தியில பாயசம் எப்போ வரும்?"

"பாயசமுங்களா?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார். "கடைசீலதாங்க. சாம்பாரு, ரசம், மோரு எல்லாம் ஆனப்புறம் ஒரு டம்ளர்ல குடுத்துருவோமுங்க. ஏனுங்க?"

"எங்க பக்கம் அது பாதி வழியாக்கும். அதுக்குப் பொறவு ரசம் உண்டு, மோரு உண்டு. நீங்க பாதியிலே எழும்பிட்டியள்லா."

"அய்யோ சாமி" என்றார். "பாயசம் வந்துருச்சே, முடிஞ்சுதாட்டிருக்குதுன்னு எந்திரிச்சுட்டமுங்க. பாவம், ரசமே வெக்காத ஊராட்டிருக்குதுன்னு இவரு கார்ல சொல்லிட்டே வந்தாருங்க. நாங்க கை கழுவிட்டு வந்தா உங்க வீட்டுக்காரரு தலையில துண்டக் கட்டிக்கிட்டு மொகமே குடுக்கலீங்க. எங்க புள்ளயப் புடிக்கலீன்னுதான் நெனச்சமுங்க. நல்ல சாப்பாடு போட்டாங்களேன்னு இவரு நன்றிக்குக் கும்பிடுற படம் அனுப்புனாரு. அதப் பாத்துட்டாருன்னு ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சுங்க, பதிலக் காணோமுங்க. சரி, வேண்டாமுங்கறதத்தான் இப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டு, நித்யாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கறமுங்க."

இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிக்க ஆரம்பித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் மூத்தவர்கள் நாலு பேர், கையில் போன், வாயில் நாக்கு. ஆளுக்கொரு அடையாளத்தைத் தவறாகப் படித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை வாழை மூட்டில் ஊற்றப் பார்த்தோம்.

அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் பிடித்துக்கொண்டது எதை தெரியுமா? "ரசமே வெக்காத ஊரா? நம்ம ஊரயா சொன்னாவ?" என்று எழுந்து நின்றுவிட்டார். அதை விடுங்கள், அவர்களுக்குச் சம்மதம்தான் என்று நான் திரும்பச் சொன்னேன். உட்கார்ந்தார். பிறகு, "பய தனியா கெடந்து என்ன பாடு பட்டானோ" என்றார். அப்போது துண்டு எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இருக்கவில்லை, வாயால் சொல்லிவிட்டாரே. அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து எல்லாம் சரியாகிவிட்டது என்றோம். என்ன சரியாகிவிட்டது, எது சரியில்லாமல் இருந்தது என்று நீ விடாமல் கேட்டாய். ரசம் என்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் நாங்கள் பொள்ளாச்சி போனோம். நித்யா லீவில் வந்திருந்தாள். கார் தெரு முனையில் திரும்பும்போதே அப்பாவின் தொடையைத் தட்டிச் சொன்னேன், இங்கே பாயசம் கடைசி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி தலையாட்டினார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, ரசம் பிரமாதம் என்று இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். மோர் வந்தது. கையைக் குவித்து வாங்கிக் குடித்தார், வாயைத் துடைத்தார், இலையை மடித்தார், எழும்பிவிட்டார். சம்பந்தி கரண்டியும் கையுமாக நிற்கிறார். நான் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கிறேன், அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் நித்யா டம்ளர்களை அடுக்கிய தட்டோடு வந்தாள். "உக்காருங்க மாமா. எங்க கேள்வித்தாள்ல இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்குதுங்க." அப்பா அவளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மடித்த இலையைத் திரும்ப விரித்தார். நம் சாதிசனத்தில் மடித்த இலையை விரித்த ஆள் உன் அப்பா ஒருவர்தான் இருப்பார். அந்த நிமிடமே நித்யாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. முகம் கோணாமல், யாரையும் சிறுமைப்படுத்தாமல், வேண்டியதை வாயைத் திறந்து சொல்கிற பெண் நம் வீட்டுக்கு வருகிறாள். நம் வீட்டுக்கு அது ரொம்பப் புதிது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பரீட்சையில் இந்தப் பகுதியில் ஒரு கேள்விகூடத் தவறவிட்டதில்லை என்று பெருமை அடித்துக்கொள்வாய். ஆனால் நீ உன் அப்பாவின் மகன். கோபம் வந்தால் சோற்றைப் பிசையாமல் வெறித்துப் பார்க்கிறவன். எனக்கு அது தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வீட்டில் அறைக் கதவைச் சாத்தினால் தூக்கம் என்று பொருளாம், அவள் அம்மா சொன்னார். நம் வீட்டில் கதவு சாத்தினால் சண்டை. முதல் மாதத்திலேயே அவள் நன்றாகத் தூங்கப் போவாள், நீ வெளியே உட்கார்ந்து என்ன தப்புச் செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வாய். அப்போது புத்திசாலித்தனமாக ஒப்புமை போட்டுப் பார்க்காதே. கதவைத் தட்டிக் கேள். அவளும் கேட்கட்டும். விடைப் பக்கம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எதற்காகக் குறிக்க வேண்டும்? எனக்கு இது விளங்க உன் அப்பாவின் அத்தனை டம்ளரும் அத்தனை துண்டும் வேண்டியிருந்தது. உனக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பாயசத்தை எப்போது விளம்புவது என்று நேற்று சமையல்காரர் வந்து கேட்டார். நம் வழக்கப்படி நடுவில்தான் என்றார் அப்பா. பெண் வீட்டார் பாதியில் எழும்பிவிட்டால் என்ன செய்ய என்று நான் கேட்டேன். "நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இன்று காலை கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தவர் தனக்குள் பேசுகிற சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்து, "யாரும் எறங்காதீங்க" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார், அது பேருந்துக்கு ஆகும். மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழும்பிராதீங்க, இன்னும் இருக்கு" என்றார். இந்த முறை அவருக்கே பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சிரித்த முகத்தோடு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்குப் பயிற்சி எடுத்தது இதுதான் முதல் தடவை. அது உனக்காக, மக்கா. நான் முருங்கை மூட்டில் நின்று கேட்டுவிட்டு, பார்த்தது தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

நீ இதை வாசிக்கும்போது மேளமும் மாலையும் முடிந்து, கையில் மருதாணி மட்டும் மீதி இருக்கும். இதுதான் கடைசி, இதற்கு மேல் என்ன என்று தோன்றும். பொள்ளாச்சி வரிசை வேறாக இருக்கலாம், ஆனால் வாழ்க்கைக்கு நம் ஊர் வரிசைதான். பாயசம் நடுவிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு ரசம் வரும், சில நாள் மிளகு கூடிப்போய்க் கண்ணில் தண்ணீர் வரும். அப்போது இலையை மடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. மோர் கடைசியில்தான் வரும், அதை இரண்டு பேரும் கையைக் குவித்து வாங்க வேண்டும். அதுவரை, உன் அப்பா சோப்பு நுரையோடு சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். எழும்பிராதீங்க மக்கா, இன்னும் இருக்கு.